ஊறவைத்த கொடி

நெல்லிரசப் போத்தல் கதையை அந்த ஆஸ்பத்திரியில் அறியாதவர்கள் இல்லை. மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நடந்தது அது. பூநகரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த வயதான கமக்காரர் ஒருவர், நெல்லிரசப் போத்தலில் கழுத்து வரை சிறுநீரை நிரப்பி, வாயை ஷொப்பிங் பையால் இறுக்கிக் கட்டி, ஆய்வுகூட யன்னலில் கொண்டுவந்து வைத்தார். சோதனைக்கு இரண்டு தேக்கரண்டி இருந்தால் போதும். யன்னலுக்கு உள்ளே நின்றவள் சுதாஜினி. அவள் போத்தலைப் பார்த்தாள், மனிதரைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“என்ன ஐயா, சம்பந்தி வீட்டுக்குச் சர்பத் கரைச்சுக் கொண்டு வந்தனீங்களோ? கிளாசும் கொண்டு வந்தனீங்களெண்டா எல்லாருக்கும் பரிமாறலாம்.”

வரிசை குலுங்கிச் சிரித்தது. கிழவர் போத்தலைத் துவாயால் மூடப் பார்த்தார். “கண்ணாடிப் போத்தல்தானே சுத்தம் எண்டு கொதிதண்ணியிலை கழுவிக் கொண்டு வந்தனான் பிள்ளை” என்றார். அதற்கு இன்னொரு சிரிப்புக் கிளம்பியது. இரண்டொருவர் சிரிக்கவில்லை. அப்படியானவர்கள் எந்த வரிசையிலும் இருப்பார்கள். சுதாஜினி அவர்களைப் பொருட்படுத்துவதில்லை.

கிழவர் போத்தலைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார். அவள் அதைக் கழுவி, தண்ணீர் விட்டு, மணிபிளான்ட் கொடி ஒன்றைச் செருகி, எல்லோர் கண்ணிலும் படும்படி யன்னல் விளிம்பில் வைத்தாள். யாராவது “வடிவா இருக்கு மிஸ்” என்றால் போதும், கதை முதலிலிருந்து தொடங்கும்.

சுதாஜினிக்கு நாற்பத்தொரு வயது. தாய் தகப்பன் இரணைமடுத் தண்ணீரை நம்பி வடமராட்சியிலிருந்து வந்து குடியேற்றத்தில் வயல் எடுத்தவர்கள். சமாதான காலத்தில் உயர்தரம் எழுதி, யாழ்ப்பாணம் போய், ஆய்வுகூடப் படிப்புப் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போது பாதை பூட்டுப்பட்டது. அதனால் வன்னியில் கடைசி யுத்தத்தில் நடந்த எதையும் அவள் காணவில்லை. அவளுடைய அக்கா இராசமலர் கண்டாள். அதைப் பற்றி அக்கா கதைப்பதும் இல்லை, தங்கை கேட்பதும் இல்லை.

சனத்தின் அறியாமை என்றால் சுதாஜினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு சீனி அளக்க வருபவர்கள், டெங்குக்குக் கறுப்பு நூல் கட்டுபவர்கள், ரிப்போட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சாத்திரியிடம் காட்டுபவர்கள், கனடாவிலிருந்து மாமா அனுப்பிய விற்றமினை என்ன வருத்தம் என்று தெரியாமலே முழுக் குடும்பமுமாக விழுங்குபவர்கள் எல்லோரும் அவளுடைய அகராதியில் ஒரே சொல்லுக்குள் அடக்கம். விசர்ச் சனம். ஒரு முறை அவளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் சாதகக் குறிப்புக் கேட்டார்கள். அவள் மாப்பிள்ளையின் தலசீமியா இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைக் கேட்டாள். அதோடு தரகர் அந்த ஒழுங்கைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த ஏளனத்தில் முக்கால்வாசி நியாயம்தான். அவள் கையால் போன ரிப்போட் ஒன்று பிழைத்தது என்று யாரும் சொன்னது கிடையாது. வேலையில் சுத்தம், கண்ணில் கூர்மை, வாயில் நெருப்பு. முதல் இரண்டுக்காகவும் மூன்றாவதை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அவள் ஏளனம் செய்யாத ஒரே ஆள் அக்காவின் மகள் பிரஷாந்தினி. பதினாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, மூட்டுகள் நொந்தன, மயிர் கொத்தாகக் கொட்டியது, மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்புப் படர்ந்தது. ஊரில் ஒருத்தி வெயில் என்றாள், இன்னொருத்தி நாவூறு என்றாள். சுதாஜினிதான் இரத்தத்தை எடுத்துப் பார்த்து, யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்கிற நிர்ப்பீடனத் தொகுதி உடம்பையே பகையாளியாக எண்ணித் தாக்குகிற வருத்தம். அதை அடக்கி வைக்க ஸ்டீரொயிட், கூடவே இன்னும் இரண்டு குளிசைகள். குளிசை வருத்தத்தை மடக்கியது. ஆனால் பிள்ளையின் முகம் வீங்கிப் பூசணிக்காய் ஆனது. பள்ளிக்கூடத்தில் அதற்கொரு பட்டப்பெயர் வைத்தார்கள். பிரஷாந்தினி அதை வீட்டில் சொல்லவில்லை, கண்ணாடி பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அந்தக் குடும்பத்தின் தலையில்தான் பரமலிங்கம் சேர் வந்து விடிந்தார்.

பரமலிங்கம் ஓய்வுபெற்ற உப அதிபர். சுதாஜினிக்கு ஒன்பதாம் வகுப்பில் சமூகக்கல்வி படிப்பித்தவர். படிப்பித்தவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாடத்தைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு அவர் பத்திரிகை வாசிப்பார். ஓய்வுபெற்றதும் அவருக்குக் கையில் ஒரு புதுப் போனும் வாயில் ஒரு புதுத் தொழிலும் வந்தன. போனில் வருவதை வாசித்து, மாதம் ஒருமுறை பொதுநோக்கு மண்டபத்தில் ‘மூதாதையர் அறிவு’ என்று பேசுவார். மூதாதையர் அணுவைக் கண்டார்கள், மூதாதையர் விமானம் விட்டார்கள். அத்தனை கெட்டிக்கார மூதாதையர் பரமலிங்கம் சேரைப் போல ஒரு பேரனை ஏன் பெற்றார்கள் என்பதுதான் சுதாஜினிக்கு விளங்காத ஒன்று.

போத்தல் செவ்வாய்க்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்த தலைப்பு, ‘தாயத்துக்குள் ஸ்ரெம் செல்’. இராசமலர் தங்கச்சியையும் வரச்சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். “உனக்கு விளங்கும், எனக்குச் சொல்லித் தருவாய்” என்றாள். மூவரும் முன் வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். பிரஷாந்தினியின் கழுத்தில், கறுப்பு நூலில், சின்ன வெள்ளித் தாயத்து ஒன்று எப்போதும் தொங்கும். பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்துத் தாயத்துக்குள் அடைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

சேர் தொண்டையைச் செருமினார். “மீசன்கைமல்” என்றார். அந்தச் சொல்லை வாயில் போட்டு வெற்றிலை மாதிரிக் குதப்பினார். “மீசன்கைமல் ஸ்ரெம் செல். தொப்புள்கொடியிலை இருக்கு. உடம்பின்ரை நோய் எதிர்ப்புச் சக்தியையே கட்டுப்படுத்துற செல். வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சவன். எங்கட ஆக்கள் ஆயிரம் வருசத்துக்கு முதலே தாயத்துக்குள்ளை வைச்சுப் பாதுகாத்தவை. வருத்தம் வந்தா அந்தக் கொடியைச் சுடுதண்ணியிலை ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை விடியக் காலமை வெறுவயித்திலை குடுத்தா, செல் உசும்பி வேலை செய்யத் தொடங்கும்.”

மண்டபம் வாயைப் பிளந்தது. இராசமலரின் கை தானாக மகளின் தாயத்தில் போய் விழுந்தது. சுதாஜினி எழும்பினாள்.

“சேர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கோ பிள்ளை. எங்கட மாணவிதான்” என்று சேர் சபைக்குச் சிரித்தார்.

“கருவாட்டைத் திருப்பிக் கடலிலை விட்டா நீந்துமோ?”

பின் வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்னுக்கு ஓடி வந்தது. சேருக்குக் காது சிவந்தது. சுதாஜினி விடவில்லை. “பதினாறு வருசம் காஞ்ச கொடியிலை உயிரோட செல் இருக்குமெண்டா, சந்தைக் கருவாட்டுக் கடையிலை இப்ப மீன் துள்ளவேணும் சேர்.” மண்டபம் அதிர்ந்தது. ஒருவர் கையும் தட்டினார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உள்ளே கிடந்த வஞ்சம் ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது.

இராசமலர் சிரிக்கவில்லை. தன் வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய்ச் சட்டிகளை உருட்டினாள். விறாந்தைக் கதிரையில் இருந்த பிரஷாந்தினிதான் கேட்டாள். உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப் போகிறவள் அவள்.

“சித்தி, சேர் சொன்னது முழுக்கப் பொய்யோ?”

“முழுப்பொய் எண்டாச் சனம் தப்பியிருக்கும். கால்வாசி உண்மை. அதுதான் ஆபத்து.”

“எந்தக் கால்வாசி?”

பிள்ளை கேட்டால் சுதாஜினிக்குப் பொறுமை எங்கிருந்தோ வரும். “வாய்க்கால் சண்டை பாத்திருக்கிறாய்தானே. தண்ணி திறக்கிற நேரம் ஒருத்தனுக்கு ஒருத்தன் மண்வெட்டியைத் தூக்குறது. உன்ரை உடம்பிலையும் அதுதான் நடக்குது. கள்ளனைப் பிடிக்க விட்ட வெண்குழியம் வீட்டுக்காரனுக்கு அடிக்குது. எங்கட கமக்கார அமைப்புத் தலைவர் இளையதம்பியர் என்ன செய்வார்?”

“சண்டையை விலக்குவார்.”

“சண்டை இல்லாத நாளிலை?”

“மதகிலை இருந்து பீடி பத்துவார்.” பிள்ளை சிரித்தாள்.

“இந்தச் செல்லும் அப்பிடித்தான். என்பு மச்சையிலை இருக்கு, கொழுப்பிலை இருக்கு, ஈரக் கொடியிலையும் இருக்கு. சும்மா இருக்கேக்கை அதாலை பெரிசா ஒரு பிரயோசனமும் இல்லை. அடிபடுற கலங்கள் விடுற இரசாயனச் சத்தம் கேட்டாத்தான் எழும்பும். எழும்பினாலும் திருப்பி அடியாது. அடிக்கிற ரி கலம் எண்ட வெண்குழியம் பெருகிறதுக்கு ஒரு அமினோவமிலம் வேணும். இது அதை உடைச்சு, பக்கத்திலை இல்லாமல் பண்ணிப்போடும். இளையதம்பியர் முதல் வேலையா அவங்களின்ரை கள்ளுப் போத்தலை எடுத்து ஒளிக்கிறவர் எல்லோ, அப்பிடி. பிறகு குதறிக்கொண்டு நிக்கிற தின்கலத்தைக் குப்பை அள்ளுற வேலைக்குத் திருப்பிவிடும். சண்டைக்காரரிலையே நாலு பேரைப் பிடிச்சு மற்றவையை மறிக்கிற ஆக்களா மாத்தும்.”

“பிறகு கிட்னியைப் புதுசாக் கட்டுமோ?”

“கட்டாது. அதுதான் உந்த விசர்ச் சனம் விளங்காத இடம். அது கொத்தனார் இல்லை. விலக்குப் பிடிக்கிற ஆள். ஏத்தின செல் உடம்பிலை கனநாள் உயிரோடயும் இராது. அது செத்த பிறகும், அது மாத்திவிட்ட ஆக்கள் மறிச்சுக்கொண்டு நிப்பினம்.”

“அப்ப எனக்கு ஏத்தேலாதோ?”

“வெளிநாட்டிலை லூபஸ்காரருக்கு ஏத்திப் பாக்கினம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கேல்லை. முடிவா ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா அவை ஏத்துறது உயிருள்ள செல். பிறந்த உடனை கொடியை எடுத்து, பக்குவமா வளத்து, எண்ணி ஏத்தினம். கருவாடு இல்லை.”

குசினிக்குள் ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்டது. பிரஷாந்தினி குசினிப் பக்கம் பார்த்துவிட்டுச் சித்தியிடம் திரும்பினாள். “அப்ப நீங்கள் இளையதம்பியர் மாதிரி இல்லை சித்தி. நீங்கள் மண்வெட்டியோட நிக்கிற ஆள்.”

சுதாஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். அதை அவள் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அக்கா தங்கை வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். போன் எடுத்தால் “ஓம், நல்லா இருக்கிறாள்” என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். கோபம் ஆறட்டும் என்று சுதாஜினி விட்டுவிட்டாள். பரமலிங்கம் சேரை மடக்கி வாங்கிய கைதட்டலுக்கு அக்காவின் முகச்சுழிப்பு ஒரு பெரிய விலையாக அவளுக்குப் படவில்லை. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

பங்குனி கடைசியில் ஒரு காலை. முந்தின நாள் சுதாஜினிக்கு லீவு. வந்து நாற்காலியில் இருந்ததும், கூட வேலை செய்யும் சதீஸ் வார்ட்டிலிருந்து வந்த சிறுநீர் மாதிரி ஒன்றைச் சுழற்றி, அடியில் படிந்ததைக் கண்ணாடித் தட்டில் விட்டு, “சுதாக்கா, உதை ஒருக்காப் பாருங்கோ” என்று நுணுக்குக்காட்டியைக் காட்டினான். அவள் கண்ணை வைத்தாள். செங்குழியங்கள் தனித்தனியாக இல்லாமல் குழாய் குழாயாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிறுநீரகத்தின் வடிகட்டி உள்ளே கிழிபட்டால்தான் அப்படி வரும். புரதமும் எல்லை மீறி இருந்தது.

“லூபஸாத்தான் இருக்கும்” என்றாள் கண்ணை எடுக்காமலே. “எழுதி வைச்சுக்கொள்ளும். ஏதோ ஒரு விசர் குளிசையை நிப்பாட்டியிருக்கு. பெத்ததுகளுக்கு மூளை எண்டு ஒண்டு கிடந்தாத்தானே. வேப்பிலை அரைச்சுக் குடுத்திருக்குங்கள், இல்லாட்டி எந்தக் கோயில் தண்ணியையோ பருக்கியிருக்குங்கள். இப்பிடியானதுகளைப் பிள்ளையோட சேர்த்து வார்ட்டிலை போடக்கூடாது, மறியலிலை போடவேணும். ஆர் இது?”

சதீஸ் மாதிரியோடு வந்த துண்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் தலையைத் தூக்கித் துண்டைப் பார்த்தாள். பிரஷாந்தினி, பெண், பதினாறு வயது. விலாசம் அக்காவின் விலாசம்.

வார்ட்டுக்கு அவள் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. சுதாஜினி ஓடி யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிள்ளையின் முகம் மெலிந்திருந்தது, கண்மடலும் காலும் வீங்கியிருந்தன, காய்ச்சல் கொதித்தது. கட்டிலின் அருகில் வார்ட் டொக்டர் நஸீஹா நின்றா. வவுனியாப் பக்கத்து ஆள், நிதானமான மனிசி. இராசமலர் தலைமாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தங்கச்சியின் லீவு நாளைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள்.

“மருந்தெல்லாம் ஒழுங்காக் குடுத்ததா அம்மா சொல்லுறா” என்றா டொக்டர். “எனக்கு அது உறுதியாத் தெரியவேணும். மருந்து எடுக்கேக்கையே வருத்தம் இப்பிடி மீறினதெண்டா வைத்தியம் வேறை. விட்டதாலை வந்ததெண்டா வேறை. காய்ச்சலும் கிடக்கு. கிருமிக் காய்ச்சலெண்டா, கூடின அளவிலை ஸ்டீரொயிட் ஏத்தப்போய் ஆபத்தாயிடும். குடிக்க வேறை என்ன குடுத்தவை எண்டும் தெரியவேணும். கனநேரம் மினைக்கெட ஏலாது. கிட்னி பழுதாகிக்கொண்டு போகுது.”

“நிப்பாட்டினவை டொக்டர். எனக்குத் தெரியும்.” சுதாஜினி அக்காவின் பக்கம் திரும்பினாள். “வாயைத் திறவன். எத்தினை நாள்? அந்தப் பரமலிங்கத்தின்ரை கதையைக் கேட்டு அந்தக் கருவாட்டைத்தானே பிள்ளைக்குக் கரைச்சுப் பருக்கினனீ?”

“மருந்து எல்லாம் ஒழுங்காக் குடுத்தனான் டொக்டர்” என்றாள் இராசமலர். சுவரைத்தான் பார்த்தாள்.

“பொய் சொல்லாதை! படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லோ? மூளை இல்லையோ உனக்கு?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். இராசமலர் அப்போதுதான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். அழுகை இல்லை. அவள் குரல் உயரவும் இல்லை.

“கருவாடு எண்டு சொன்னாய். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொன்னாய். எல்லாரும் சிரிச்சவை. அந்தக் கொடியிலை கட்டியிருந்தது இவளின்ரை அப்பா உடுத்திருந்த சாரத்து நூல். பங்கருக்குள்ளை மருத்துவிச்சி இல்லை, ஒருத்தரும் இல்லை. அவர்தான் சாரத்திலை நூலைப் பிடுங்கிக் கட்டினவர். கொடி காஞ்சு விழுறதுக்கு முதலே அவர் செத்துப்போனார். செட்டிகுளம் முகாம் வாசல்லை உடுப்பெல்லாத்தையும் உதறிப் பாத்தவங்கள். இதை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தனான்.”

சுதாஜினிக்கு இது எதுவும் தெரியாது. பதினாறு வருடம் ஒரே ஊரில் இருந்தும் தெரியாது.

“டொக்டர்” என்றாள் இராசமலர். “இவளை வெளியிலை போகச் சொல்லுங்கோ. நான் எல்லாம் சொல்லுறன். இவள் நிண்டாச் சொல்லமாட்டன்.”

டொக்டர் சுதாஜினியைப் பார்த்தா. இருபது வருடம் வருத்தங்களையும் இரத்தத்தையும் படித்தவள், அந்த வார்ட்டில் எல்லோரிலும் பார்க்க அதிகம் விளங்கியவள், அவள் வெளியே போனால்தான் உண்மை உள்ளே வரும் என்ற நிலை. அவள் போனாள்.

வெளி விறாந்தையில் ஒரு நீண்ட மர வாங்கு கிடந்தது. வாங்கில், மடியில் தோடம்பழப் பையை வைத்துக்கொண்டு, பரமலிங்கம் சேர் இருந்தார். நோயாளி பார்க்க வந்திருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து அடுத்த மாதப் பேச்சின் துண்டுப்பிரசுரம் எட்டிப் பார்த்தது. இருக்க வேறு இடம் இல்லை. சுதாஜினி வாங்கின் மற்றக் கரையில் இருந்தாள்.

“பிள்ளை, நான் மருந்தை நிப்பாட்டச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லேல்லை, கேட்டீங்களோ” என்று சேர் கேட்காமலே தொடங்கினார். “உங்கட அக்கா வந்து கேட்டவா. உடம்பிலை இரசாயனம் கூடினா கொடி உசும்பாது எண்டு பொதுவாத்தான் சொன்னனான். ஒரு மண்டலம் எண்டதும் பொதுவாச் சொன்னதுதான். நம்பிக்கையிலையும் இருக்கு எல்லோ.”

பொதுவாகச் சொன்னாராம். ஒரு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பொதுவாகக் கொன்றுவிட்டு, அதற்குத் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மனிதருக்கு மூளையும் இல்லை, வெட்கமும் இல்லை, பயம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. சுதாஜினிக்கு நாக்கின் நுனியில் பத்துப் பதினைந்து சொற்கள் வந்து முட்டின. ஒவ்வொன்றும் தோலை உரிக்கக் கூடியது. எதைச் சொல்வது என்று அவள் தெரிவுசெய்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

டொக்டர் நஸீஹா வந்து அவளுக்கு முன்னால் நின்றா. “சொல்லிப்போட்டா. முப்பத்தெட்டு நாள் ஒரு குளிசையும் இல்லை. முகம் வத்தினதிலை பிள்ளைக்கும் சந்தோசம், அதாலை அவளும் சொல்லேல்லை. விடியக் காலமை கொடி ஊறவைச்ச சுடுதண்ணி, வேறை ஒண்டும் குடுக்கேல்லையாம். ஊறி ஊறிக் கொடி கரைஞ்சுபோச்சாம். நூல் மட்டும் மிச்சம். நாங்கள் இரத்தத்தைக் கிருமிக்கு அனுப்பிப்போட்டு இப்பவே ஸ்டீரொயிட் தொடங்கிறம். பின்னேரம் யாழ்ப்பாணம் அனுப்புவம். நேரத்துக்குத் தெரிஞ்சது நல்லதாப் போச்சு.”

நல்லதாகத்தான் போனது. பிரஷாந்தினி தப்பினாள், சிறுநீரகமும் பெரும்பகுதி தப்பியது. ஆனால் அதெல்லாம் தெரியவர நாலு மாதம் எடுத்தது. அன்றைக்கு அந்த வாங்கில் தெரியவந்தது வேறொன்று.

டொக்டர் உடனே போகவில்லை. சொல்வதா விடுவதா என்று யோசித்த மாதிரி நின்று, பிறகு சொன்னா. “குளிசையை நிப்பாட்ட முதல் உங்களை ஒருக்காக் கேப்பம் எண்டு அக்கா லாப்புக்கு வந்தவாவாம். ஒரு செவ்வாய்க்கிழமை. வரிசையிலை நிண்டவாவாம். நீங்கள் ஆரோ ஒரு வயசான ஆளை ஏதோ போத்தலுக்கு நக்கலடிச்சுக்கொண்டு நிண்டீங்களாம், எல்லாரும் சிரிச்சவையாம். கேட்டா எனக்கும் இதுதான் நடக்கும் எண்டு திரும்பிப் போட்டாவாம்.”

டொக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

சுதாஜினி அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தாள். போத்தல் ஞாபகம் வந்தது, அதன் வாயில் கட்டியிருந்த பை ஞாபகம் வந்தது, தான் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. சிரிக்காமல் நின்ற இரண்டொருவரின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பரமலிங்கம் சேர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஒரு ஆறுதல் இருந்தது. பொல்லாத ஆறுதல், துணைக்கு ஆள் கிடைத்த ஆறுதல். அவர் பைக்குள் கையை விட்டு ஒரு தோடம்பழத்தை எடுத்து, நகத்தால் மெல்ல உரித்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவள் பக்கம் நீட்டினார்.

“இந்தாங்கோ பிள்ளை. எங்களுக்கு எல்லாம் தெரியுமோ” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். நாக்கில் முட்டிக்கொண்டு நின்ற பதினைந்து சொற்களில் ஒன்றையாவது எடுக்கப் பார்த்தாள். எதை எடுத்தாலும் அது இரண்டு பேருக்கும் அளவாகவே இருந்தது.

கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.